‘மற்றும் பலர்’: இடிந்தகரைப் போராட்ட வழக்குகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தின் கடலோர ஊர் இடிந்தகரை. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011 ஆகஸ்டில் அங்கே லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இந்த ஆய்வு போகவில்லை. விடாமல் கேள்வி கேட்கும் ஒரு கூட்டத்தை அரசு எப்படிக் கையாண்டது, எந்தச் சட்டப் பிரிவை எதற்காக எடுத்தது, அதனால் என்ன விளைந்தது என்பதை மட்டுமே பார்க்கிறோம். பொதுவாழ்வில் தொந்தரவு தருபவர் எனப் பெயரெடுத்தவர்களை அரசு நடத்தும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு அண்மைக் காலத் தமிழகத்தில் இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கேட்டவர்மேல் வழக்குப் பதிந்ததுதான் இந்த நிகழ்வின் மூலப் பிழை. பதிந்த வழக்குகளில் தேசத்துரோகம் நிரூபணமாகவில்லை. ஆனால் நிரூபிக்கப்படாத அந்த வழக்குகளே தண்டனையாகிப் பல வருடம் நின்றன.

எதிர்ப்பு 2011இல் முளைத்ததல்ல

2011இல் யாரோ வந்து தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு நாட்காட்டியே பதில் சொல்லும். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பர் 20. அடுத்த ஆண்டு மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியில் இந்த உலைக்கு எதிரான குரலும் இருந்தது. அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததில் திட்டம் கிடப்பில் விழுந்து, 1998இல் துணை ஒப்பந்தம் போடப்பட்டு, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு ரஷ்ய உலைகள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது; இடிந்தகரையில் சுனாமி காலனி என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி அணு உலைக்குள் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் உள்ளே வருவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நிலையத்தில் ஹாட் ரன் நடந்தது. எரிபொருள் நிரப்பாமல், நீரையும் நீராவியையும் முழு வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஓட்டிப் பார்க்கும் சோதனை அது. நீராவி வெளியேறும் சத்தம் பெரிதாக எழும். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு அது வழக்கமான சோதனை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லப்படாத கிராமத்துக்கு நடுக்கம். ஆகஸ்ட் 16 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. ஒலி வரும், இத்தனை நேரம் இருக்கும், கதிர்வீச்சு ஏதும் இதில் இல்லை என்று ஊர்க் கமிட்டிகளுக்கு முன்கூட்டியே தாக்கீது போயிருந்தால் எதிர்ப்பு இருந்திருக்காது என்று சொல்ல மாட்டோம். அவநம்பிக்கையோடு தொடங்கியிருக்காது.

ஏழு மாதங்கள், இரண்டு அரசு நிலைகள்

2011 செப்டம்பர் 11 முதல் 22 வரை 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பர் 22 அன்று தமிழக அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. அதன் கூட்டங்கள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்தன. போராட்டக் குழு தன் தரப்பில் கேள்விகளையும் கேட்கும் ஆவணங்களின் பட்டியலையும் கொடுத்தது. 2012 ஜனவரி 31 அன்று, பேச்சுவார்த்தைக்கு வந்த போராட்டக் குழுவினர் அந்த வளாகத்திலேயே எதிர்த்தரப்பினரால் தாக்கப்பட்டார்கள், பெண்களும் அடிபட்டார்கள். பேசக் கூப்பிட்ட இடத்தில் பாதுகாப்பு இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்? அத்தோடு அந்தப் பேச்சு முறிந்தது.

அடுத்த மாதமே, போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் சொன்னார். போராட்ட ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் அதற்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். சில தொண்டு நிறுவனங்கள்மேல் வெளிநாட்டு நன்கொடைச் சட்ட நடவடிக்கை வந்தது. ஊருக்குள் பந்தல் செலவு மீன்பாட்டிலிருந்து எடுத்துவைத்த பங்கில் நடந்துகொண்டிருந்தது.

மாநில அரசு தன் பங்குக்கு நான்கு பேர் குழுவைப் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. அன்று சங்கரன்கோவிலும் இதே திருநெல்வேலி மாவட்டம். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 19, அமைச்சரவை கூடி நிலையத்தைத் திறக்க ஒப்புதல் தந்தது. வட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கையோடு கைதுகள், ராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு, ஊருக்குள் வரும் சாலைகளில் போலீஸ். பால், காய்கறி, குடிநீர் வரத்து தடைபட்டது. அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்கள் படகில் கொண்டுவந்து கொடுத்தன.

இந்தத் தேதி வரிசையைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. ஆறு மாதம் முன்பு நியாயம் என்று அமைச்சரவைத் தீர்மானத்திலேயே ஏறிய அச்சத்துக்கு, ஒரே நாளில் கைதும் தடை உத்தரவும் பதிலாயின. இடையில் உலையின் பாதுகாப்பில் என்ன மாறியது என்று கிராமத்துக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

முதல் தகவல் அறிக்கையின் உடற்கூறு

இந்த நிகழ்வில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி இது.

மூத்த பத்திரிகையாளர் சாம் ராஜப்பா தலைமையில் நடந்த மக்கள் விசாரணை 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2011 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கூடங்குளம் காவல் நிலையத்தில் மட்டும் 107 முதல் தகவல் அறிக்கைகள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 55,795 பேர். அவர்களில் 6,800 பேர்மேல் தேசத்துரோகம் அல்லது அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். இடிந்தகரையின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு இது. எப்படி வரும் இந்த எண்ணிக்கை? ஒவ்வொரு அறிக்கையிலும் பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். அதற்கடுத்து ‘மற்றும் அடையாளம் தெரியாத’ ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் என்று ஒரு வரி. ஒரே ஆள் பல அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எண்ணப்படுவார்.

அந்த ஒரு வரிக்கு மூன்று பயன் உண்டு. அப்போது பந்தலில் இல்லாத ஒருவரையும் பிறகு அதில் சேர்க்கலாம். ‘என் பெயர் இருக்குமோ’ என்று ஊரில் ஒவ்வொருவரும் நினைக்க வேண்டியிருக்கும். பெயர் இல்லாதவர் முன்ஜாமீன் கேட்டுப் போகவும் தயங்குவார். கேட்டால் தானே தன்னை அடையாளம் காட்டியதாகும்.

பிரிவுகளின் கலவையையும் கவனிக்க வேண்டும். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, சட்டவிரோதமாகக் கூடுதல், ஆறு மாதம் வரை சிறை. 147, கலகம், இரண்டு ஆண்டு வரை. 188, அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல். சாதாரண மறியலுக்கும் ஊர்வலத்துக்கும் தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் எழுதும் பிரிவுகள் இவை. இவற்றோடு 124ஏ, 121 சேர்க்கப்பட்டன. 124ஏ தேசத்துரோகம், ஆயுள் வரை போகலாம். 121 அரசுக்கு எதிராகப் போர். மரண தண்டனை வரை.

சிறிய பிரிவுகளுக்குக் காலக்கெடு இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்குள் சிறை விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் ஓராண்டுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். மூன்றாண்டு வரையிலான குற்றமென்றால் மூன்று ஆண்டுக்குள். பல குற்றங்கள் ஒன்றாக விசாரிக்கப்படும்போது கனமான குற்றத்தை வைத்தே கெடு கணக்கிடப்படும். 121க்கும் 124ஏக்கும் கெடுவே கிடையாது. ஆக, கனத்த பிரிவு ஒன்றைச் சேர்த்துவிட்டால் மறியல் வழக்கும் காலாவதியாகாமல் கிடக்கும்.

இன்னொரு பக்கம், 196ஆம் பிரிவின்படி இந்தக் கனத்த பிரிவுகளை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். முதல் தகவல் அறிக்கை போட அந்த அனுமதி தேவையில்லை. காவல் நிலையத்தில் ஆய்வாளர் ஒரு மாலையில் எழுதிவிடலாம். தலைமைச் செயலகத்திலிருந்து அனுமதி வரும்வரை வழக்கு நகராது, சாகவும் செய்யாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கணிப்பில், தேசத்துரோகப் பிரிவின் உண்மையான வேலை நீதிமன்றத்தில் நடக்கவேயில்லை, இந்த இடைவெளியில் நடந்தது.

சட்டத்தின் நிலையும் அப்போது மயக்கமாக இல்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமுள்ள பேச்சுக்கும் செயலுக்கும் மட்டுமே 124ஏ பொருந்தும், அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது குற்றமாகாது என்று வரையறுத்துவிட்டது. அதை அறிக்கை எழுதும் மேசைவரை கொண்டுபோக ஏற்பாடு இல்லை. உதயகுமாரும் ஒரு மனுதாரராக இருந்த வழக்கில் 2016 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் கேதார்நாத் தீர்ப்பின்படியே நடக்க வேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

1908ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இதே மாவட்டத்தில், இதே 124ஏ பிரிவில், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் 1908இல் விசாரிக்கப்பட்டார்கள். மார்ச் 12 கைது. மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். அது அநீதியான தண்டனை. இருந்தாலும் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் இருந்தது. எந்தத் தேதியில் எந்த மேடையில் என்ன பேசினார் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்குள் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. நூறு ஆண்டு கழித்து இடிந்தகரைக்காரருக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. எந்தப் பேச்சுக்காகத் தேசத்துரோகி ஆனோம் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. தீர்ப்பு வராததால் மேல்முறையீடும் கிடையாது.

2012 செப்டம்பர்

ஆகஸ்ட் 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திட்டத்துக்கு எதிரான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. எரிபொருள் நிரப்பும் நாள் நெருங்க, செப்டம்பர் 9 அன்று ஆயிரக்கணக்கானோர் கடற்கரை வழியாக நிலையத்தை நோக்கி நடந்து மணலிலேயே இரவு தங்கினார்கள். மறுநாள் தடியடி, கண்ணீர்ப் புகை. கூட்டம் கடலுக்குள் ஓடியது. அன்றே தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் ஆதரவுப் போராட்டத்தின்போது மீனவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 13ஆம் தேதி கடலில் இறங்கி மனிதச் சங்கிலி. கைதான இடிந்தகரைப் பெண்கள் சிலர் திருச்சி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குடும்பத்தார் பார்த்துவர வேண்டிய தூரமும் ஒரு தண்டனைதான்.

கேள்விகள் எங்கே போயின

எதிர்ப்பாளர்களின் கேள்விகள் வெறும் பீதி என்று அன்று சொல்லப்பட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஆவணம். நிலையத்தின் இடத் தேர்வு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் உதயகுமார் கேட்டார். இந்திய அணுமின் கழகம் மறுத்தது. 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி, வடிவமைப்பு ரகசியம் ஏதும் இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க உத்தரவிட்டார். சட்டத்தின் 10ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கழகம் தில்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. பாதுகாப்பானது என்று சொல்லும் ஆவணத்தைக் காட்ட மறுத்துக்கொண்டே, நம்பவில்லை என்று மக்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, உதிரி பாகங்களின் தரம். முதல் உலையின் ஒரு பாதுகாப்பு அமைப்பில் நான்கு வால்வுகள் சரியாக இயங்கவில்லை என்பதை 2013 ஏப்ரலில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே வெளியிட்டது, அவை மாற்றப்பட்டன. எதிர்ப்பாளர்கள் உதிரி பாகத் தரம் பற்றிப் பேசியபோது வதந்தி என்று ஒதுக்கப்பட்ட விஷயம் இது.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. 2014 மே 14 அன்று நிலையத்தில் வெந்நீர் கொட்டி ஆறு பணியாளர்கள் காயமடைந்தார்கள். 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தது. 29ஆம் தேதி நிலையம் மறுத்தது, 30ஆம் தேதி கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகக் கணினியோடு அது நின்றது, உலைக் கட்டுப்பாட்டைத் தொடவில்லை என்பது கழகத்தின் விளக்கம். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். முதல் நாள் மறுப்பு ஏன் வந்தது?

நான்காவது, கழிவு. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, உலைக்கு வெளியே சேமிப்புக் கிடங்கு கட்டுவோம் என்பது பதில். உச்ச நீதிமன்றம் 2013இல் ஐந்தாண்டு கெடு கொடுத்தது. 2018இல் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிவைக்கப்பட்டது.

கேட்டவர்கள் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முதல் உலை 2013 ஜூலை 13 அன்று இயக்க நிலையை எட்டியது, 2014 டிசம்பர் 31 முதல் வணிக முறையில் மின்சாரம் தருகிறது; இரண்டாவது 2017 மார்ச் 31 முதல். மேடைகளில் சொன்ன பேரழிவு நடக்கவில்லை. ஆனால் ஆவணம், பாகத் தரம், கழிவு மூன்றும் அலட்சியப்படுத்தக் கூடாத கேள்விகள் என்பதை ஒழுங்குமுறை வாரியமும் தகவல் ஆணையமும் உச்ச நீதிமன்றமும் தத்தம் கோப்புகளில் எழுதியிருக்கின்றன. போராட்டக்காரர்கள் இல்லாமல் அந்தக் கோப்புகள் திறக்கப்பட்டிருக்காது.

போராட்டத் தரப்பின் பிழைகள்

அரசின் பிழையைச் சொல்லிவிட்டு இதை விட்டால் ஆய்வு முழுமையாகாது. ‘மூடு’ என்ற ஒரே கோரிக்கையை முன்னால் வைத்ததால், அதைவிடச் சின்ன, வெல்லக்கூடிய கோரிக்கைகள் பின்னால் போய்விட்டன. ஆவணங்களைத் தா, பேரிடர் ஒத்திகையை ஒவ்வொரு ஊரிலும் நடத்து, கழிவுக்குத் தேதி சொல் என்பவை அவை. 2012 ஜூனில் நக்கனேரியில் நடந்த ஒத்திகையை முறையானதல்ல என்று கண்டித்தார்கள். எந்த ஊரில், எத்தனை பேரை, எந்தச் சாலையில், எவ்வளவு நேரத்தில் வெளியேற்ற வேண்டும் என்ற மாற்று அட்டவணையைக் கையில் வைத்துக் கேட்டிருந்தால் ஆட்சியர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடும் சரியாகக் கையாளப்படவில்லை. பீடி சுற்றும், கூலி வேலைக்குப் போகும் உள்ளூர்க் குடும்பங்களில் பலவற்றுக்கு நிலையம் வேலைவாய்ப்பாகவும் தெரிந்தது. 2012இல் தமிழகம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. மாவு அரைக்க முடியாமல், தறி ஓடாமல் இருந்தவர்களிடம் போராட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பந்தல் போதவில்லை. 2014இல் உதயகுமார், புஷ்பராயன் முதலானோர் மக்களவைத் தேர்தலில் நின்றதும் தோற்றதும் இதன் தொடர்ச்சி. எதிர்ப்பாளராக மதிக்கப்படுவதும் வாக்குப் பெறுவதும் வேறு வேறு வேலைகள். ஒன்றின் பலத்தை மற்றதில் எதிர்பார்க்க முடியாது.

தீர்ப்பும் அதற்குப் பிறகும்

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு நிலையத்துக்கு அனுமதி தந்து, 15 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று: அப்பகுதியில் அமைதி திரும்பும் வகையில் போராட்டக்காரர்கள் மேலுள்ள குற்ற வழக்குகளையெல்லாம் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றம், போராட்டம் தோற்ற தீர்ப்பிலேயே, போராடியவர்மேல் வழக்கு வேண்டாம் என்று எழுதியது சிறிய செய்தி இல்லை.

‘முயற்சி எடுக்க வேண்டும்’ என்ற வாசகத்துக்குக் கெடு இல்லை. ஒரு பகுதி வழக்குகள் அடுத்து வந்த காலத்தில் திரும்பப் பெறப்பட்டன, மீதி நின்றன. 2021 பிப்ரவரியில் முதல்வர் பழனிசாமி கடையநல்லூரில் கூடங்குளம் வழக்குகளைத் திரும்பப் பெறுவது பற்றி அறிவித்தார். அதே ஆண்டு ஆட்சி மாறியபின் ஸ்டாலின் அரசும் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலில் கூடங்குளத்தைச் சேர்த்தது. தீர்ப்பு வந்து எட்டு ஆண்டு கழித்தும் அறிவிப்பு தேவைப்பட்டதென்றால், நடுவில் அந்தக் குடும்பங்கள் என்ன பட்டிருக்கும்?

முக்கியமாகப் பாஸ்போர்ட். இந்தக் கரை ஊர்களின் இளைஞர்கள் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967, 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. நீதிமன்றம் இன்னும் எடுக்காத வெறும் முதல் தகவல் அறிக்கை அந்த வரையறைக்குள் வராது. நடப்பதோ வேறு: போலீஸ் சரிபார்ப்பில் ‘வழக்கு உள்ளது’ என்று ஒரு வரி வந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். உதயகுமாரே 2014இல் நேபாளம் போகும் வழியில் தில்லி விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். பெயர் தெரிந்தவருக்கு நடந்தால் செய்தியாகிறது. ஊர்ப் பையனுக்கு நடந்தால் விசா காலாவதியாகிறது, முகவருக்குக் கட்டிய பணம் போகிறது.

அரசு என்ன செய்திருக்கலாம்

எதிர்ப்பாளரின் கேள்விகளை மூன்றாகப் பிரித்திருக்கலாம். ஆவணம் கேட்பவை, பாதுகாப்பு ஏற்பாடு கேட்பவை, கொள்கையையே மறுப்பவை. முதல் வகைக்கு அணுமின் கழகம் முப்பது நாளில் ஆவணத்தையோ மறுப்புக்கான காரணத்தையோ எழுத்தில் தரலாம். இரண்டாம் வகைக்கு ஒழுங்குமுறை வாரியமும் மாவட்ட ஆட்சியரும் தேதி போட்ட பணிப் பட்டியல் தரலாம். புகுஷிமாவுக்குப் பிறகு வாரியமே கூடங்குளத்துக்கு 17 பரிந்துரைகள் செய்திருந்தது. அந்தப் பதினேழில் எது முடிந்தது, எது எப்போது முடியும் என்று தமிழில் ஒரே ஒரு தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கலாம். மூன்றாம் வகையோடு உடன்பாடு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த எதிர்ப்பு இருந்துகொண்டே இருக்கும் என்று ஏற்றுக்கொள்வதுதான் ஜனநாயக நிர்வாகம்.

கல் எறிந்தவர்மேல் கல் எறிந்ததற்கு வழக்குப் போடட்டும். அந்த வழக்கில் பெயர், இடம், நேரம், காயம், சாட்சி இருக்கட்டும். எல்லோருக்கும் சேர்த்துத் தேசத்துரோகம் எழுதியதில், உண்மையில் வன்முறை செய்த ஒரு சிலர்மேலுள்ள வழக்கும் நீர்த்துப்போயிற்று என்பதைக் காவல்துறை அதிகாரிகளே யோசிக்க வேண்டும்.

இன்னும் பெயர் நிற்கிறவர்களுக்கு

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124ஏ வழக்குகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு ஏறத்தாழ அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழைய நாட்களில் நடந்த செயலுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும் என்பதால், 2011, 2012 வழக்கு வைத்திருப்பவர் தன் நிலையைத் தானே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அரசு ‘திரும்பப் பெற்றது’ என்று அறிவித்தாலே வழக்கு முடிந்துவிடாது. நீதிமன்றக் கோப்புக்கு வந்துவிட்ட வழக்கில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்கீழ் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் சம்மதித்து உத்தரவு போட வேண்டும். அறிவிப்புக்கும் உத்தரவுக்கும் நடுவில் பல வழக்குகள் கிடப்பில் விழுகின்றன. முதலில் குற்ற எண்ணையும் ஆண்டையும் கண்டுபிடியுங்கள். தெரியாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

குற்றப்பத்திரிகையே தாக்கலாகாமல் இருந்தால், வழக்கு கைவிடப்பட்டதற்கான அறிவிப்பு உண்டா என்று நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்துக் கோரி மனுப் போடலாம். 143, 188 மட்டும் உள்ள வழக்கானால் 2018 செப்டம்பர் 20 அன்று அதே கிளை ஜீவானந்தம் வழக்கில் கொடுத்த தீர்ப்பை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். 188இல் காவல் நிலையம் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உத்தரவிட்ட அதிகாரிதான் நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்கிறது அது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தது தனிக் குற்றமாகும். நிலுவையில் இருந்தாலும், 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவோடு விண்ணப்பிக்கலாம். வழக்கு முடிந்திருந்தால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். நகல் மனுவில் வழக்கு எண்ணோடு குற்ற எண், ஆண்டு, காவல் நிலையப் பெயர் மூன்றையும் எழுத வேண்டும். ஒரே காலத்தில் ஒரே நிலையத்தில் வரிசையாகப் பதிந்த வழக்குகள் இவை. ஒரு இலக்கம் மாறினால் வேறொருவர் வழக்கின் உத்தரவு கைக்கு வந்து சேரும், உங்கள் பெயர் கணினியில் அப்படியே நிற்கும்.